ஒண்ணாம் நம்பர் கண்டக்டர் இழுத்த நெட்

அழகிரி இருபத்தொன்பது வருடம் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம், ஸ்ரீரங்கத்திலிருந்து சென்ட்ரல் பஸ் ஸ்டாண்ட். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை காவிரிப் பாலத்தைக் கடந்திருப்பார். ஆனால் காவிரியைச் சரியாகப் பார்த்ததே இல்லை. பாலத்தின் மேல் வண்டி ஏறும்போதுதான் டிக்கெட் போட்டு முடிக்கிற அவசரம் இருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஆற்றைப் பார்க்க நேரம் கிடைத்தது. இரண்டு நாள் போய்ப் பார்த்தார். மூன்றாம் நாள் அலுத்துவிட்டது. அவருக்கு வேண்டியது கூட்டம். "உள்ள போங்க, உள்ள போங்க" என்று சொன்னால் நாற்பது பேராவது நகர வேண்டும். மூலத்தோப்புப் பக்கம் இருந்த அவருடைய வீட்டில் மனைவி வள்ளிக்கண்ணு ஒருத்திதான் இருந்தாள். அவள் ஏற்கெனவே உள்ளேதான் இருந்தாள்.

இந்த நிலையில்தான் வீட்டுக்கு நெட் கனெக்‌ஷன் வந்தது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் அரவிந்தன், வீடியோவில் அப்பாவின் முகம் பாதியில் உறைந்துபோய் வாயைத் திறந்தபடியே நிற்பதைச் சகிக்க முடியாமல் ஏற்பாடு செய்தது. சரத்குமார் என்ற ஆள் ஏணியோடு வந்து, வாசல் ஹாலில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார். பெட்டிக்கு VEEDU என்று பெயர் வைத்தார். பாஸ்வேர்டு, vanakkam.

"இவ்வளவுதானா?" என்றார் அழகிரி.

"இவ்வளவுதான் சார். ஏதாவது ஆச்சுன்னா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. அதுக்கும் சரியாகலன்னா எனக்கு போன் பண்ணுங்க. நான் வந்து ஆஃப் பண்ணி ஆன் பண்றேன்."

அன்றைக்கே அழகிரிக்கு இந்தத் தொழிலின் மீது ஒரு மரியாதை வந்துவிட்டது. நம்மாலும் முடியும் என்ற நம்பிக்கையும் கூடவே வந்தது.

குறை பின்னறையில் இருந்தது. வள்ளிக்கண்ணு தையல் மெஷின் போட்டிருந்தது அங்கேதான். ஜாக்கெட் தைப்பாள், போனில் புதுக் கழுத்து மாடல்களை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே வெட்டுவாள். ஹாலுக்கும் பின்னறைக்கும் நடுவில் இரண்டு கனத்த சுவர்கள். நெட் அதற்குள் நுழையவில்லை.

"என்னங்க, வீடியோல அந்தம்மா துணிய மடிச்சிட்டு கத்திரியை எடுக்கற நேரத்துல சரியா நின்னு போகுது. நான் எங்க வெட்டறது?"

"நில்லு. நான் லைன் இழுக்கறேன்" என்றார் அழகிரி.

"நீங்களா?"

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. மறுநாள் காலை அழகிரி சிங்காரத்தோப்புப் பக்கம் மன்சூரின் கம்ப்யூட்டர் கடையில் நின்றார். இருபது மீட்டர் கேபிள், சுவரில் அடிக்கும் கிளிப், முனையில் மாட்டும் பிளக்குகள், அவற்றை நசுக்கிப் பொருத்தும் இடுக்கி, பின்னறைக்கு இன்னொரு பெட்டி. எல்லாவற்றையும் பழைய கண்டக்டர் தோல் பையில் போட்டுத் தோளில் மாட்டினார். மாட்டியதும் முதுகு தானாக நிமிர்ந்தது.

மன்சூர் கேபிளின் தோலை உரித்துக் காட்டினார். உள்ளே எட்டு ஒயர், எட்டு நிறம். "அண்ணே, இந்த வரிசை மாறவே கூடாது. ரெண்டு முனையிலயும் ஒரே வரிசை. எழுதித் தரட்டுமா?"

"வேணாம் பாய். எட்டுதானே? எனக்கு ஸ்டாப்பு மாதிரி."

உண்மையிலேயே எட்டு ஸ்டாப்பாக அதைப் பிரித்துக்கொண்டுவிட்டார். வெள்ளை-ஆரஞ்சு சென்ட்ரல். ஆரஞ்சு ஹெட் போஸ்டாபீஸ். வெள்ளை-பச்சை பாலக்கரை. நீலம் மெயின்கார்டுகேட். வெள்ளை-நீலம் சத்திரம். பச்சை, கேட்கவே வேண்டாம், மாம்பழச்சாலை. வெள்ளை-பிரௌன் திருவானைக்கோவில். பிரௌன் ஸ்ரீரங்கம். பஸ்ஸில் திரும்பி வரும்போது இதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்.

ஹாலில் உட்கார்ந்து முதல் முனையைக் கட்டினார். சென்ட்ரலில் ஆரம்பித்து ஸ்ரீரங்கத்தில் முடித்தார். ஒரு பிசகில்லை. பிறகு கேபிளைச் சுவரோரமாக இழுத்து, கிளிப் அடித்து, சுவரில் துளை போட்டுப் பின்னறைக்குக் கொண்டுவந்தார். துளை போடும்போது ஒரு விசித்திரம் நடந்தது. அவர் டிரில்லை நிறுத்திய பிறகும் எங்கிருந்தோ டிரில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சுவர் அதிர்ச்சியிலிருந்து இன்னும் மீளவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

பின்னறையில் மறுமுனை. இங்கேதான் அழகிரி ஒரு நிமிடம் யோசித்தார். மன்சூர் ஒரே வரிசை என்றார். ஆனால் மன்சூர் கடைக்காரர். அவருக்கு ரூட் தெரியாது. ஹாலிலிருந்து கிளம்பினால் சென்ட்ரல் முதல் ஸ்டாப். இந்த முனையிலிருந்து கிளம்புகிற வண்டிக்கு ஸ்ரீரங்கம்தானே முதல் ஸ்டாப்? போன வண்டி திரும்பி வர வேண்டாமா? தலையை ஆட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் ஆரம்பித்து சென்ட்ரலில் முடித்தார். நசுக்கினார். புதுப் பெட்டியில் செருகினார். பிளக்கைப் போட்டதும் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. கரண்ட் வந்தால் எரிகிற விளக்கு அது. அழகிரிக்குப் பச்சை என்றால் பச்சைதான்.

"இப்பப் பாரு வள்ளி!"

வள்ளிக்கண்ணு போனைப் பார்த்தாள். VEEDU. முழு சிக்னல். வீடியோவில் அந்தம்மா மூச்சு விடாமல் மூன்று ஜாக்கெட் வெட்டி முடித்தாள்.

"பரவாயில்லையே" என்றாள் வள்ளிக்கண்ணு. முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது நாலாவது தடவை.

அதன் பிறகு அழகிரியைப் பிடிக்க முடியவில்லை. காய்கறி வாங்கப் போனால் நெட் பேச்சு. முடி வெட்டப் போனால் நெட் பேச்சு. "சுவத்துக்கு எத்தனை அடி? ரெண்டா? அப்ப கேபிள்தான். என்னைக் கூப்பிடுங்க." தெருவில் அவரை நெட்காரர் என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஒரு வாரம் கழித்து, தூசி தட்டுவதற்காகப் பின்னறைப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். வள்ளிக்கண்ணுவின் போனில் வீடியோ நிற்கவில்லை. அழகிரி திரும்பிப் பார்த்தார். பெட்டி கையில் இருக்கிறது. நெட் ஓடுகிறது. கேபிளையும் உருவினார். ஓடுகிறது. ஹாலுக்கு ஓடிப்போய் அங்கே இருந்த பெட்டியையும் அணைத்துவிட்டு ஓடிவந்தார். அந்தம்மா சாவகாசமாகக் கைக்கு லைனிங் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவர் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"வள்ளி, நெட் இந்த ரூம்ல ஊறிப்போச்சு."

"என்னது?"

"பாலத்து இறக்கத்துல வண்டி இன்ஜின் ஆஃப் ஆனாலும் கொஞ்ச தூரம் ஓடும்ல? அந்த மாதிரி. ஒரு வாரமா ஓடின வேகம்."

மன்சூருக்குப் போன் செய்து சொன்னார். மன்சூர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அண்ணே, வெயில்ல அலையாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

இவ்வளவு அரிய பொருளைப் பாதுகாக்க வேண்டும் அல்லவா? வள்ளிக்கண்ணு பெருக்கும்போது துடைப்பத்தால் பெட்டியை இடிக்கிறாள். ஒரு எச்சரிக்கை ஒட்டுவது என்று முடிவு செய்தார். பின்னறையில் உட்கார்ந்து போனிலேயே பெரிய எழுத்தில் அடித்தார்:

'எச்சரிக்கை! நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். யாராவது தொட்டாள் கை இருக்காது. இப்படிக்கு, அ.'

ஹாலில் அரவிந்தன் வாங்கி வைத்த பிரிண்டர் ஒன்று இருந்தது. போன், ஒரு பிரிண்டரின் பெயரைக் காட்டியது. உலகத்தில் வேறு பிரிண்டர்களும் உண்டு என்பது அழகிரிக்குத் தோன்றவில்லை. அழுத்தினார். 'அச்சாகிவிட்டது' என்றது போன். ஹாலுக்குப் போய்ப் பார்த்தால் காகிதம் இல்லை. திரும்பி வந்து அழுத்தினார். போய்ப் பார்த்தார். இப்படிப் பதினோரு தடவை நடந்தார். கடைசியில் பிரிண்டரின் தலையில் ஒன்று வைத்துவிட்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் கையாலேயே எழுதி ஒட்டினார்.

அன்று மாலையில் வாசலில் ஒரு அம்மாள் வந்து நின்றார். அறுபத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட காட்டன் புடவை, மூக்குக் கண்ணாடி, கையில் ஒரு ஃபைல்.

"நெட் ரிப்பேர் பார்க்கறவர் வீடு இதுதானே? பக்கத்துத் தெருவுல சொன்னாங்க. நான் அமலராணி. தமிழாசிரியையா இருந்து ரிட்டயர் ஆனேன்." அழகிரியை உற்றுப் பார்த்தார். "நீங்க ஒண்ணாம் நம்பர் கண்டக்டர் இல்ல?"

"ஆமாங்க டீச்சர்!" அழகிரிக்கு முகம் மலர்ந்தது.

"ஒரு தடவை பாலக்கரையில ஏறினேன். 'உள்ள போங்க, உள்ள போங்க'ன்னு சொல்லிச் சொல்லிப் பின்வாசல் வழியா பாலக்கரையிலேயே இறக்கிட்டீங்க."

அழகிரி மலர்ந்த முகத்தைக் கொஞ்சம் மூடிக்கொண்டு, உட்காரச் சொன்னார். வள்ளிக்கண்ணு காபி கொண்டுவந்தாள்.

"என் வீட்டுக்கு நெட் வச்சு ஒரு வாரம்தான் ஆகுது" என்றார் டீச்சர். "வச்ச நாள்லேருந்து ஒண்ணும் சரியில்ல. மத்தியானம் செய்தி பார்த்துக்கிட்டு இருக்கேன், டிவியில திடீர்னு ஒரு அம்மா வந்து ஜாக்கெட் வெட்டுது. நான் தொடவே இல்ல. செய்தியை வச்சா மறுபடியும் ஜாக்கெட்."

வள்ளிக்கண்ணு காபித் தட்டோடு நின்றுவிட்டாள். வீடியோவைப் பெரிதாகப் பார்க்கலாம் என்று பின்னறையில் உட்கார்ந்து டிவிக்கு அனுப்பி அனுப்பிப் பார்த்தவள் அவள். ஹால் டிவியில்தான் ஒன்றும் வரவில்லை.

"அதையாவது பொறுத்துக்கலாம்" என்று டீச்சர் ஃபைலைத் திறந்தார். "இன்னிக்கு மூணு மணிக்கு என் பிரிண்டர் தானா ஓட ஆரம்பிச்சது. பாருங்க, மிரட்டல் கடிதம். ஒண்ணு இல்ல, பதினொண்ணு."

அழகிரி பார்த்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கை இருக்காது. இப்படிக்கு, அ. காபி டம்ளரைக் கீழே வைத்தார். பதினோரு தாளிலும் ஒரே இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தது.

"இது... என்னங்க டீச்சர், இந்த வட்டம்?"

"'தொட்டாள்'னா அவள் தொட்டாள்னு அர்த்தம். 'தொட்டால்' வரணும். ஒரு மனுஷன் மிரட்டறதுன்னு ஆயிடுச்சு, பிழையில்லாம மிரட்ட வேண்டாமா? அப்புறம் கையெழுத்தைப் பாருங்க. அ. என் பேரும் அ. நானே எனக்கு எழுதிக்கிட்ட மாதிரி இருக்கு. போலீசுக்குப் போனா என்னையே கேப்பாங்க."

சொல்லிவிடலாம் என்று அழகிரி வாயைத் திறந்தார். ஆனால் டீச்சர் அவரை நிபுணர் என்று நம்பி வந்திருந்தார். அந்தப் பார்வை பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு அவருக்கு யாரிடமும் கிடைக்காத பார்வை. திறந்த வாயிலிருந்து, "இடத்தைப் பார்க்கணும் டீச்சர்" என்று வந்தது. தோல் பையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

டீச்சர் வீடு அடுத்த தெரு. அழகிரி வீட்டிலிருந்து தெருமுனை வரை போய், பிள்ளையார் கோவிலைச் சுற்றி, அந்தத் தெருவில் பாதி தூரம் திரும்பி வர வேண்டும். எட்டு நிமிட நடை. டீச்சரின் ஹாலில் நுழைந்ததும் அழகிரி போனை எடுத்துப் பார்த்தார். VEEDU. முழு சிக்னல். நெட் ஓடுகிறது.

அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஊறிப்போனது அறையில் இல்லை. தன் உடம்பிலேயே ஊறிவிட்டது. போகிற இடமெல்லாம் கூடவே வருகிறது.

"என்ன ஆச்சுங்க? ஏன் கையைப் பார்க்கறீங்க?" என்றார் டீச்சர்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. டகடகடகடக. நிறுத்தம். டகடகடக. எங்கேயோ கேட்ட சத்தம். அழகிரி போய்ச் சுவரில் காதை வைத்தார். பிறகு விரலை மடக்கித் தட்டினார்.

"யாரு?" என்றது சுவர், வள்ளிக்கண்ணுவின் குரலில்.

"நான்தான்."

"வாசப்பக்கமா வராம சுவத்துக்குள்ள என்னங்க பண்றீங்க?"

இரண்டு வீட்டுக்கும் முதுகு ஒன்றுதான். எட்டு நிமிடம் சுற்றி வந்தது தன் பின்னறைக்குத்தான் என்று அழகிரிக்கு அப்போது விளங்கியது. டீச்சர் வீட்டுச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி, புதிதாக டிரில் போட்ட துளையோடு, சுவரின் இந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

"டீச்சர், உங்க நெட் பேர் என்ன?"

"VEEDU-ன்னு வச்சார், கனெக்‌ஷன் கொடுத்தவர்."

"பாஸ்வேர்டு?"

"வணக்கம்."

"வணக்கம்" என்றார் அழகிரி, தன்னையறியாமல்.

சரத்குமாருக்குப் போன் போட்டார்கள். அரைமணியில் ஏணியோடு வந்தார். சமாசாரத்தைக் கேட்டதும் ஏணியைச் சாத்திவிட்டு அதற்குப் பின்னாலேயே கொஞ்சம் நின்றுகொண்டார்.

"எனக்கு ஞாபகம் வச்சுக்க ஈசியா இருக்கட்டும்னு... எல்லாருக்கும் அதே பேர், அதே பாஸ்வேர்டு வச்சிட்டேன் சார். போனுக்குப் பேரும் பாஸ்வேர்டும் ஒண்ணா இருந்தா ரெண்டும் ஒரே நெட்டுன்னு நினைச்சிக்கும். எது பக்கத்துல இருக்கோ அதுல ஏறிக்கும். பின்ரூம்ல உங்க போன் டீச்சர் நெட்டுல ஏறிடுச்சு. டீச்சரோட டிவியும் பிரிண்டரும் உங்களோடதுன்னு நினைச்சிடுச்சு."

"எல்லாருக்கும்னா எத்தனை வீடு?"

"இந்த ரெண்டு தெருவுல முப்பத்தாறு."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பில் அவர் அப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்று தெரியாத சரத்குமாரே நடுங்கினார்.

"அப்ப நான் இழுத்த கேபிள்?" என்றார் அழகிரி. அவர் கவலை அவருக்கு.

எல்லோருமாகப் பிள்ளையார் கோவிலைச் சுற்றி அழகிரி வீட்டுக்கு வந்தார்கள். சரத்குமார் கேபிளின் இரண்டு முனையிலும் ஒரு சின்னக் கருவியை மாட்டினார். ஹாலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று விளக்குகள் எரிந்தன. பின்னறையில் எட்டு, ஏழு, ஆறு என்று எரிந்தன.

"தலைகீழா இருக்கு சார். இதுல ஒரு நாளும் நெட் போயிருக்காது."

"அது திரும்பி வர்ற ரூட்டு" என்றார் அழகிரி, குரல் இறங்கி.

சரத்குமாருக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள முயற்சி செய்யவும் இல்லை. அழகிரி பின்னறை முனையை வெட்டி எறிந்துவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சென்ட்ரலில் ஆரம்பித்து ஸ்ரீரங்கம் வரை வரிசையாக அடுக்கி நசுக்கினார். கருவியில் இரண்டு பக்கமும் ஒன்று முதல் எட்டு வரை சேர்ந்து எரிந்தன. சரத்குமார் இரண்டு பெட்டிக்கும் வேறு பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தார். பின்னறையில் முதல்முறையாக அழகிரியின் சொந்த நெட் வந்தது. வீடியோவில் அந்தம்மா கழுத்து வெட்டினாள்.

அழகிரி எழுந்து டீச்சர் முன்னால் போய் நின்றார்.

"டீச்சர், அந்த அ..."

"தெரியும்" என்றார் அமலராணி.

"எப்பத் தெரியும்?"

"பெட்டிக்கு மேல காலண்டர் தாள்ல எழுதி ஒட்டியிருக்கீங்களே. அதுலயும் 'தொட்டாள்'தான்." பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துப் போய் வட்டம் போட்டார். திரும்பி வந்து, "நீங்கதானா அந்த ஜாக்கெட் அம்மாவை அனுப்பினது?" என்று வள்ளிக்கண்ணுவைக் கேட்டார். வள்ளிக்கண்ணு தலையைக் குனிந்தாள்.

"நேத்து ஒண்ணு காட்டுச்சே, பின்னால படகு மாதிரி கழுத்து. பாதியில நின்னுபோச்சு. அது எனக்குத் தைக்க வருமா?"

வள்ளிக்கண்ணு அளவு டேப்பை எடுத்தாள்.

டீச்சர் வீட்டுப் பெட்டிக்கும் பெயரை மாற்றிய பிறகு மிச்சம் முப்பத்தி நாலு வீடு இருந்தது. சரத்குமார் தனியாகப் போக பயந்தார். அழகிரி தோல் பையை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "நெட்டு பேர் மாத்தற வண்டி வந்திருக்கு, எல்லாரும் போனைக் கையில எடுத்துக்கங்க" என்று குரல் கொடுத்தார். வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்தார்கள். ஒரு வீட்டில் கல்யாணக் கூட்டம். நாற்பது பேருக்குக் குறையாது. அழகிரி அங்கே தேவைக்கு மேல் ஒரு மணி நேரம் இருந்தார்.

எல்லாம் சுமுகமாகவே போனது, இருபத்தி மூன்றாவது வீடு வரைக்கும். அங்கே தேசிகாச்சாரியார் என்ற பெரியவர் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். வீட்டின் நெட்டுக்கு என்ன பெயர் வேண்டும் என்று கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.

"ஸ்ரீ உபய வேதாந்த வாதூல குல திலக ஸ்ரீமான் தேசிகாச்சாரியார் ஸ்வாமி திருமாளிகை."

சரத்குமார் விரல்விட்டு எண்ணினார். "ஸ்வாமி, முப்பத்திரண்டு எழுத்துக்கு மேல ஏறாது."

"அப்படின்னா எதைக் குறைக்கறது? குலத்தையா, வேதாந்தத்தையா? அடியேனுக்கு அந்த அதிகாரம் கிடையாதே."

"'தேசிகன்'னு மட்டும் வச்சிடலாமா ஸ்வாமி?"

"அபசாரம்! அது ஆசார்யன் திருநாமமாச்சே!"

சரத்குமார் திகைத்துப்போய் அழகிரியைப் பார்த்தார். அழகிரி நெரிசலான பஸ்ஸைப் பார்ப்பதுபோல அந்தப் பெயரை ஒருமுறை மனதுக்குள் பார்த்தார். முன்பக்கம் நிரம்பிவிட்டது. பின்பக்கம் இடம் இருக்கிறது.

"ஸ்வாமி, முன்னாடி 'ஸ்ரீமான்'னு மட்டும் நிறுத்திப்போம். மத்தது எல்லாத்தையும் பாஸ்வேர்டுல ஏத்திடலாம். அதுல அறுபத்து மூணு எழுத்து வரைக்கும் இடம் இருக்கு."

பெரியவர் கண்ணைத் திறந்தார். முகத்தில் பரம திருப்தி. "திவ்யமா இருக்கு. அப்படியே பண்ணிடுங்கோ."

அந்த வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள் இப்போதெல்லாம் பாஸ்வேர்டு கேட்பதில்லை. ஒரே ஒரு மாப்பிள்ளை மட்டும் தைரியமாகக் கேட்டார். பெரியவர் சொல்லச் சொல்ல, வேதாந்தத்துக்கும் வாதூலத்துக்கும் நடுவில் ஸ்பெல்லிங் தப்பித் தப்பி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, ஊருக்குப் புறப்படும் நேரம் வந்துவிட்டது. ஆட்டோவில் ஏறும்போது கடைசி எழுத்து சேர்ந்து, வாட்ஸப் ஒரு தடவை டிங் என்றதாம்.